ஹீலியம் ஜோடி: உடைத்து அறிந்த உறவு

"ஹீலியம் யாரோடும் ஒட்டாதுடா, அது சந்நியாசி" என்பார் எங்கள் வேதியியல் வாத்தியார். நானும் அதை வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்தச் சந்நியாசிக்கும் ஒரு துணை உண்டு என்று உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது.

மந்த வாயு அணுக்களுக்கிடையே வான்டர்வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு உண்டு. அதனால் இரண்டு ஆர்கான் அணுக்கள் சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஜோடி சேரும். ஹீலியத்திலோ அந்த ஈர்ப்பு மிகமிகச் சொற்பம். சேருமா, சேராதா என்பதே வழக்கு.

1993-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார், மிகக் குளிர்ந்த ஹீலியத் தாரையை எலக்ட்ரான்களால் தாக்கி, ஜோடியின் அயனியைக் கண்டதாக அறிவித்தார்கள். ஆனால் அடித்துப் பிடித்த அயனி, பெரிய கொத்து ஒன்று உடைந்த துண்டாகவும் இருக்கலாமே! 1994-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஷோல்கோப்ஃப், டோனீஸ் இருவரும் அடிக்காமலே பார்த்தார்கள். தாரையை நுண்ணிய கீற்றணி வழியே செலுத்தினார்கள். நிறை இருமடங்கானால் அலைநீளம் பாதி, விலகும் கோணமும் பாதி. சரியாக அந்தக் கோணத்தில் ஜோடி வந்து நின்றது. 2000-இல் கோட்டிங்கனில் அளந்த சராசரி இடைவெளி 52 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன் மூலக்கூறில் அது 0.74 தான்!

சராசரி சரி, ஜோடியின் முழு உருவம்? அதற்கு லேசர் தேவைப்பட்டது. ஹீலியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 800 நானோமீட்டர் லேசரின் ஒளித்துகள் ஒன்றிடம் இருப்பதோ 1.55. பின் எப்படி? 1964-இல் சோவியத் அறிஞர் கெல்டிஷ் வழி சொன்னார். ஒளியின் மின்புலம் அணுவின் பிடியோடு போட்டிபோடும் அளவுக்கு வளர்ந்தால், எலக்ட்ரானை மறித்து நிற்கும் மதில் ஒரு பக்கம் சரிந்து மெலிகிறது. எலக்ட்ரான் அதை ஏறிக் குதிப்பதில்லை, ஊடே நுழைந்து வெளியே வந்துவிடுகிறது.

லேசர் துடிப்பு சில பத்து ஃபெம்டோ நொடிதான். அதற்குள் அணுக்கள் நகர நேரமில்லை. இரண்டும் நேர்மின் அயனிகளாகி ஒன்றையொன்று உதறித் தள்ளும். 52 ஆங்ஸ்ட்ராமில் இருந்தவை சுமார் 0.28 எலக்ட்ரான் வோல்ட்டோடு பறக்கும். நெருங்கி இருந்தவை இன்னும் வேகமாக. வேகத்தை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழுவினர் அதே கீற்றணி முறையால் முதலில் தாரையைப் பிரித்து, பிறகு லேசரால் உடைத்தார்கள். 1970-இல் எஃபிமோவ் கணித்த மூவர் கூட்டை 2015-இல் ஹீலியத்தில் கண்டார்கள். 2016-இல் ஹாம்பர்க் எலக்ட்ரான் லேசரின் வலிய ஒளித்துகள்களால் ஜோடியின் உருவத்தை வரைந்து, பிணைப்பு ஆற்றல் சுமார் 0.00000015 எலக்ட்ரான் வோல்ட் என்றார்கள்.

எந்த ஜோடியையும் ஒரே ஒருமுறைதான் பார்க்கலாம். பார்த்ததும் அது போய்விடும். 1993-இல் உடைத்தபோது சந்தேகத்துக்கு இடமிருந்தது, பின்னால் உடைத்தபோது உண்மை கிடைத்தது. எதை உடைக்கிறோம், எப்படி உடைகிறது என்று தெரிந்திருந்ததே வித்தியாசம். இப்போது வாத்தியாரைப் பார்த்தால் சொல்லுவேன்: "சார், சந்நியாசிக்கும் குடும்பம் உண்டு. வீடுதான் ரொம்பப் பெரிசு!"