ஷீல்டுக்கும் லீக்குக்கும் இடையே 23 ஆண்டுகள்

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். கல்கத்தாக் கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் இந்நாளை மையமாக வைத்தே சொல்லப்படுகிறது.

1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கின் வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது. ஷீல்டை வென்ற ஆண்டில் மோகன் பகானுக்கு லீக்கில் இடமே இல்லை. 1914இல் இரண்டாம் பிரிவிலும் 1915இல் முதற்பிரிவிலும் அது சேர்க்கப்பட்டது. முதற்பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் ஆடலாகாது என்ற வரம்பு, ஈஸ்ட் பெங்கால் தகுதி பெற்றபின் 1925இல்தான் தளர்ந்தது. லீக் பட்டம் பெற்ற முதல் இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங், ஆண்டு 1934. மழைக்காலச் சேற்றில் காலணியுடன் ஆடப் பழகிய அவ்வணி, 1938 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்களை வென்றது.

ஷீல்டு, தோற்றவர் வெளியேறும் போட்டி. அதைச் சில வெற்றிகளில் வெல்லலாம். லீக்கை வெல்ல ஒரு பருவம் முழுவதும் ஆட வேண்டும். அதற்கு முதலில் இடம் கிடைக்க வேண்டும். இவ்விரு வெற்றிகளுக்கும் இடைப்பட்ட 23 ஆண்டுகளில் முதல் 14 ஆண்டுகள் அனுமதி மறுப்பிலும் எண்ணிக்கை வரம்பிலும் கழிந்தவை. காலனிய விளையாட்டை ஆராய்வோர் வெற்றிப் பட்டியலோடு விதிகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.