கிளப் கதவும் பெரியப்பாவும்

போன மாசம் எங்க சீனியர் ஒருத்தர் வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்பினார். அக்கவுண்டன்ட் வேலை. வழியனுப்பப் போன இடத்தில் ஆளாளுக்கு அறிவுரை. "போன உடனே அங்க இருக்கிற தமிழ்ச் சங்கத்துல மெம்பர் ஆகிடு. நாலு பெரிய மனுஷங்க பழக்கம் கிடைக்கும்" என்றார் ஒருத்தர்.

கூட வந்திருந்த என் பெரியப்பா சிரித்தார். 14 வருஷம் அங்கே கட்டட வேலை பார்த்தவர். "நானும் சங்கத்துக்குள்ள போயிருக்கேன்டே. பொங்கல் விழாவுக்கு மேடை போட" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஊரை விட்டு வந்தவர்கள் கூடிக்கொள்ள ஒரு கிளப் என்பதை நமக்குக் காட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். எங்க தூத்துக்குடியையே எடுத்துக்கோங்க. முத்துக்காக வந்த போர்ச்சுகீசியர், 1658ல் அவர்களை விரட்டிவிட்டு உட்கார்ந்த டச்சுக்காரர், அப்புறம் பஞ்சு, கப்பல், மில் என்று வந்த ஆங்கிலேயர். எல்லாருமே வெளியூர்க்காரர்கள். வெயில், காய்ச்சல், வீட்டுக் கடிதத்துக்குக் கப்பல் வரும்வரை காத்திருப்பு. சாயந்திரமானால் சொந்த பாஷையில் பேச நாலு பேர் வேண்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை.

தப்பு வாசலில்தான் தொடங்கியது.

அந்தக் கால கிளப்பில் சேருவது சாதாரண விஷயம் இல்லை. உள்ளே இருக்கும் ஒருவர் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பிறகு ரகசிய ஓட்டு. பெட்டிக்குள் உருண்டை போடுவார்கள். வெள்ளை உருண்டை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. ஒன்றிரண்டு கறுப்பு விழுந்தாலே பல இடங்களில் கதை முடிந்தது. யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கேட்கவே முடியாது.

இந்தியர்களுக்கோ அந்தப் பெட்டி வரை போகவே வழியில்லை. 1832ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் சமைத்தது, பரிமாறியது எல்லாம் நம்ம ஆட்கள். ஆனால் இந்தியர் ஒருவர் உறுப்பினராக 1960களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்தது 1947ல் என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க! இதற்கு இடையில், இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து உட்கார 1873லேயே சென்னையில் காஸ்மோபாலிட்டன் கிளப் வந்துவிட்டது.

'சீட்டு ஆடுற இடத்துக்கு எதுக்கு இவ்வளவு சண்டை?' என்று கேட்கலாம். காமர்ஸ் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே ஆடியது சீட்டு மட்டும் இல்லை. கலெக்டர், மில் மேனேஜர், கப்பல் ஏஜென்ட் எல்லாரும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத சொத்து அந்த மேஜை.

1906ல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பலைக்கூடக் காசு கொடுத்து வாங்கிவிட்டார். ஆனால் எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி மட்டும் இல்லை. அதன் பக்கம் சாய்ந்த அதிகாரிகளும்தான். 1908ல் அவரைக் கைது செய்தார்கள், அப்புறம் கம்பெனியும் நொடித்துப் போனது. அந்த மேஜையில் நமக்கு நாற்காலி இல்லாததன் விலை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் 1934ல் எழுதிய 'பர்மிய நாட்கள்' நாவலில் டாக்டர் வீராசாமி என்று ஒருவர் வருவார். வெள்ளைக்காரர் கிளப்பில் சேரத் துடிப்பார். பெருமைக்காக மட்டும் இல்லை. மெம்பர் ஆகிவிட்டால் தன்னைக் கவிழ்க்கப் பார்ப்பவன் கிட்டே வரமாட்டான் என்ற நம்பிக்கை. கிளப் அவருக்கு ஒரு கவசம்.

சரி, நம்ம ஆட்கள் வெளிநாடு போனபோது என்ன ஆனது?

இதே தூத்துக்குடியிலிருந்து ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். பக்கத்தில் தட்டப்பாறையில் அவர்களை நிறுத்திப் பரிசோதிக்க முகாமே இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சோடு போனவர்களுக்கு எந்த கிளப்? கங்காணியும் லயமும்தான்.

சிங்கப்பூரில் 1923ல் இந்தியர் சங்கம் வந்தது. 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் வந்தது. சாதிப் பாகுபாட்டை எதிர்த்துப் பேசிய சங்கம் அது. கோ. சாரங்கபாணி அதில் முக்கியமானவர். கடல் தாண்டிய பிறகும் அதைப் பேச வேண்டியிருந்தது என்றால், மூட்டையோடு சாதியும் கப்பல் ஏறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

லண்டனில் கிருஷ்ண மேனனின் இந்தியா லீக் ஆட்கள் 1951ல் தொடங்கிய இந்தியா கிளப் இன்னொரு மாதிரி. பெயர்தான் கிளப். மாடியேறிப் போகிற யாருக்கும் தோசை கிடைத்தது. 2023ல் அதை மூடியபோது மெம்பர் அட்டை இல்லாதவர்கள்கூட வரிசையில் நின்று கடைசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது கறுப்பு உருண்டை எங்கேயும் தேவைப்படுவதில்லை. வருஷ சந்தா, குடும்பத்தோடு வந்தால்தான் டிக்கெட், நட்சத்திர ஹோட்டலில் விழா, இது போதும். யாரையும் வராதே என்று சொல்ல வேண்டியதில்லை. லேபர் கேம்ப்பில் இருப்பவன் தானாகவே வரமாட்டான். நம்மை வெளியே நிறுத்தியவர்கள் மேல் நமக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நாம் நிறுத்தி வைத்திருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை.

அதற்காகச் சங்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தெரியாத ஊரில் ஒரு ஆபத்து என்றால் ஓடி வருவதும் அவர்கள்தான். சீனியர் கண்டிப்பாகச் சேரட்டும்.

நேற்று போனில் பேசினார், விண்ணப்பம் வாங்கிவிட்டாராம். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். முதல் விழாவுக்குப் போகும்போது கொஞ்சம் முன்னாடியே போங்க அண்ணே, மேடை போடுறவங்ககிட்ட எந்த ஊருன்னு கேளுங்க, சாப்பாட்டுக்கு அவங்களையும் உட்கார வைங்க.

பெரியப்பாவிடம் சொன்னேன். "உட்காருவானுவளா பார்ப்போம்" என்றார்.