ஆக்‌ஷன் பொம்மைத் திருத்தம்

கடையில் வாங்கிய வீரர் பொம்மையைப் பிரித்து, முகத்துக்கு வேறு வண்ணம் பூசி, கை கால் மாற்றி, திரைப்படத்திலோ சித்திரக்கதையிலோ கண்ட உருவத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் கைவேலை. செய்பவர்கள் இதைக் ‘கஸ்டம்’ என்பார்கள். வண்ணம் மட்டும் மாறினால் ‘ரீபெயின்ட்’.

மும்பைத் தமிழருக்கு இது முற்றிலும் புதிதல்ல. மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் நவராத்திரிக்கு முன் பரணிலிருந்து இறங்கும் கொலுப் பொம்மைகளில், மூக்கு உடைந்த செட்டியாருக்கும் சாயம் போன கிருஷ்ணருக்கும் வீட்டிலேயே வைத்தியம் நடக்கும். அதற்கும் இலக்கணம் உண்டு. பெருமாளுக்குச் சக்கரம் வலக்கையில், சங்கு இடக்கையில். மாற்றி ஒட்டினால் பாட்டி விடமாட்டாள்.

ஆக்‌ஷன் பொம்மை பிறந்தது அமெரிக்காவில். பொம்மை என்றால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சிய ஹாஸ்ப்ரோ நிறுவனம், 1964-இல் 12 அங்குல ஜி.ஐ. ஜோவை ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற புதுப்பெயரில் விற்றது. திருத்தக்காரர்களுக்கு முக்கியமானது 1982-இல் வந்த மூன்றேமுக்கால் அங்குல ஜோ. முதுகில் ஒரே ஒரு திருகாணி; உள்ளே இடுப்பையும் மார்பையும் இழுத்துப் பிடிக்கும் ரப்பர் வளையம். திருகாணியைக் கழற்றினால் பொம்மை துண்டு துண்டாகக் கையில் வந்துவிடும். ஒருவன் கையை இன்னொருவன் தோளில் மாட்டலாம். கம்பெனிகளும் இதைத்தான் செய்தன: அதே ஆண்டு மேட்டல் வெளியிட்ட ஹீ-மேன் வரிசையில், ஒரே முறுக்கேறிய உடலுக்குத் தலையும் நிறமும் மாற்றிப் பல பாத்திரங்களை உண்டாக்கினார்கள்.

தூர்தர்ஷனில் ஹீ-மேன் ஓடிய 1980-களில், மும்பையின் புளோ பிளாஸ்ட் நிறுவனம் மேட்டலுடன் சேர்ந்து ‘லியோ’ பெயரில் அந்தப் பொம்மைகளை இங்கேயே தயாரித்தது. சென்னையின் எம்.ஆர்.எஃப். ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், கோவா ஆலையில் ஜி.ஐ. ஜோக்களை வார்த்தது. அமெரிக்க மூலத்தோடு ஒப்பிட்டால் இவற்றில் நிறம் மாறியிருக்கும், சில இடங்களில் வண்ணமே விட்டுப்போயிருக்கும். தூரிகை எடுக்க அதுவே போதும்.

கருவிகள் வீட்டுச் சாமான்கள்தான். உடைந்த தாடைக்கும் புதுத் தொப்பிக்கும் எம்-சீல், நிறத்துக்கு ஃபெவிக்ரில் (இரண்டும் மும்பை பிடிலைட்டின் சரக்கு), இற்றுப்போன வளையத்துக்கு ஹார்டுவேர் கடை ஓ-ரிங். தலை கழலாவிட்டால் வெந்நீரில் சற்று நேரம் முக்கினால் இளகும். பழைய வண்ணத்தை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். நான் அப்படி ஒரு வீரனின் முகத்தை இழந்திருக்கிறேன். மூட்டுகளில் தடிப்பாகப் பூசினால் அசைக்கும்போது உரிந்துவரும். எனவே முதலில் உப்புத்தாள், பிறகு மெல்லிய பூச்சு இரண்டு மூன்று. கண் வரைவதுதான் உண்மையான பரீட்சை. கடுகளவுகூட இல்லாத இடத்தில் இரண்டு விழிகளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. வெளிநாட்டுப் பொம்மை எட்டாத விலைக்குப் போனால், கையில் இருக்கும் மலிவுப் பொம்மையைத் தேற்றுவதே கெட்டிக்காரத்தனம். தேறாதவை தூக்கியெறியப்பட்டு, தாராவியின் 13-ஆம் காம்பவுண்டு போன்ற இடங்களில் மற்றப் பிளாஸ்டிக்கோடு தரம் பிரிக்கப்பட்டு அரைபடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. நாம் திருத்தத் துடித்த அந்த ‘தப்பான’ நிறங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று லியோவையும் ஃபன்ஸ்கூலையும் தேடுகிறார்கள். ஆகவே பரணில் தூரிகை படாத பழைய ஜோ கிடைத்தால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். கைபழக உடைந்த பொம்மை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.