சேர்க்கைப் பதிவேடு யார் கையில்?

2025ஆம் ஆண்டு மே மாதம் வந்தும் தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எல்.கே.ஜி. சேர்க்கைக்கான இணையதளம் திறக்கவில்லை. ஒன்றிய அரசு நிதி தரவில்லை என்றது மாநில அரசு. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்றது ஒன்றிய அரசு. இரண்டு அரசுகளுக்கும் நடந்த சண்டையில் மூன்று வயதுக் குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இதை வெறும் நிதிச் சிக்கலாகப் பார்த்தால் பாதிதான் புரியும். நம் பிள்ளைகளின் பெயரால் அரசு பணம் கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைகுறித்து எழுதிய அறிக்கையும், கிறித்தவ மிஷன்களின் வற்புறுத்தலும் சேர்ந்து 1893இல் சென்னை மாகாண அரசை ஓர் அரசாணை வெளியிட வைத்தன. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பிற்காலத்தில் அதை அழைத்தார்கள். சேரிகளில் தனிப் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை, நம் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் ஆகியவை அதில் இருந்தன. பெரிய வெற்றிதான். ஆனால் மானியம் போனது பள்ளி நிர்வாகத்துக்கு. பதிவேட்டில் எத்தனை பெயர் என்பதை எழுதியவரும் நிர்வாகிதான். பொதுப் பள்ளியில் ஒரு பஞ்சமப் பிள்ளை நுழைந்தால் சாதி இந்துக்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவார்கள் என்ற அச்சம் அந்த மானியத்தைவிட வலுவாக இருந்தது. கதவு திறக்கவில்லை, தனிப் பள்ளிதான் வளர்ந்தது.

பதிவேட்டில் நம்மை என்ன பெயரிட்டு எழுதுவது என்பதற்கே போராட வேண்டியிருந்தது. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகு, 1922இல்தான் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது.

அடுத்த திருப்பம் அண்ணல் அம்பேத்கரால் வந்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான 1942இலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி மனு கொடுத்தார். உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதில் முக்கியக் கோரிக்கை. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான இந்திய அரசின் உதவித்தொகை தொடங்கியது. பள்ளிக்கு மானியம் என்பதற்கும் மாணவருக்கு உதவித்தொகை என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே உரிமையாளர் மாணவர்.

2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் மறுபடி முதல் வழிக்கே திரும்பியது. பிரிவு 12(1)(இ) தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. மழலையர் வகுப்பு இருந்தால் அங்கிருந்தே சேர்க்க வேண்டும். அரசு தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செய்யும் செலவு, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைப் பள்ளிக்குத் திருப்பிச் செலுத்தும். பள்ளி தரும் சேர்க்கைப் பட்டியல் எமிஸ் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். அதிகாரிகள் சரிபார்த்த பிறகே பணம். பணம் தாமதமானால் பெற்றோரிடம் கை நீளுகிறது. புத்தகம், சீருடை, வேன் என்று வேறு பெயரில் ரசீது வரும், சில நேரம் ரசீதும் வராது. குடியிருப்புகளில் வேலை செய்யும் நாங்கள் ஆண்டுதோறும் கேட்கும் குறை இது. எட்டாம் வகுப்போடு சலுகை முடியும். ஒன்பதாம் வகுப்பில் அதே குழந்தை முழுக் கட்டணம் கட்ட வேண்டியவர்.

இன்னொன்றை நாம் பேசத் தயங்குகிறோம். தமிழ்நாட்டு விதிகளில் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ என்றால் பட்டியல் சாதி, பழங்குடி மட்டுமல்ல; பிற்படுத்தப்பட்டோரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் அதே கூடைதான். அவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. ஆதரவற்ற குழந்தைகள், தூய்மைப் பணியாளர் குழந்தைகள் போன்ற சிலருக்கு மட்டுமே முன்னுரிமை, மற்றவர்களுக்குக் குலுக்கல். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் நமக்கு 18 என்று தனியே உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 என்று உள் ஒதுக்கீடு வந்ததும் இதே 2009இல்தான். எல்.கே.ஜி. குலுக்கலில் அந்தக் கணக்கு ஏன் இல்லை?

இனி 2025க்கு வருவோம். ஒன்றிய அரசின் பணம் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநில அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நிதி வந்த பிறகு அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது. எப்படி? பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த குழந்தைகளில் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அந்தப் பெற்றோருக்கு இது நியாயமே. ஆனால் ஜூனில் கட்டப் பணம் இல்லாதவரின் குழந்தை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கட்டணம் கட்ட முடியாதவருக்கான திட்டத்தில், முதலில் கட்டணம் கட்டியிருப்பதே தகுதியானது.

தனியார் பள்ளிகளுக்கு ஏன் அரசுப் பணம், அரசுப் பள்ளியையும் அங்கன்வாடியையும் வலுப்படுத்துங்கள் என்று தோழர்கள் சொல்வதில் நமக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் சட்டம் இருக்கும்வரை அதன் பலன் கடைசிக் குடிசைக்கு வந்தாக வேண்டும்.

எனவே நாம் கேட்பது மூன்று. குலுக்கலில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளுக்குத் தனி ஒதுக்கீடு. நிதி வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் குறித்த நாளில் சேர்க்கை. குழந்தையின் சேர்க்கை நிலையையும், அதன் பெயரில் பள்ளிக்குப் போன தொகையையும் பெற்றோர் தாமே பார்க்கும் வசதி. 1893இலிருந்து நம் பிள்ளைகளின் பெயர் அடுத்தவர் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் உரிமை இனியாவது நமக்கு வேண்டும்.