யானையும் துவக்கும் வெடிமருந்தும்

வேட்டைக்குச் செல்பவன் எத்தகைய துவக்கைத் தெரிந்தெடுத்தல் வேண்டும், அதற்குரிய தோட்டாவை விலைக்கு வாங்குவதா அன்றித் தன் கையாலே செய்துகொள்வதா என்னும் வினாக்கள் இன்று மிகச் சிலருக்கே உரியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் காடுகளிலே யானை வேட்டைக்குப் புகுந்தவர், உயிரோடு மீள்வதும் மீளாமையும் அவ்வினாக்களுக்குக் கண்ட விடையைப் பெரிதும் பொறுத்திருந்தன. அவ்விடைகளின் வரலாறு இந்நாட்டு யானைகளின் வரலாறுமாகும்.

சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848 ஆம் ஆண்டில் நுவரெலியாவிலே ஒரு குடியேற்றப் பண்ணையை நிறுவி, 1855 வரையில் இந்நாட்டில் வாழ்ந்தார். 1864 இல் ஆபிரிக்காவிலே அல்பேட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவரும் இவரே. இலங்கையிற் பெற்ற வேட்டை அனுபவங்களை இவர் ஒரு நூலாக எழுதி வைத்தார். துவக்கைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் அந்நூல் கூறும் செய்திகள் பல.

அக்காலத்துத் துவக்குகளிற் பெரும்பாலானவை குழலின் வாய்வழியாக மருந்திடப்பட்டவை. வன்னியிலே இடியன் என வழங்கும் துவக்கு இவ்வினத்தைச் சேர்ந்ததே. அவற்றுள்ளும் இருவகை உண்டு. ஒன்று, உட்புறம் வழுவழுப்பான குழலையுடையது. மற்றையது, குழலின் உட்புறத்தே சுருள் வரிகள் வெட்டப்பட்ட றைபிள். வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நெறி பிறழாது செல்லும். எனினும், மருந்தை மிகுதியாக இட்டால் குண்டு வரிகளைப் பற்றாது வழுக்கிவிடும் என்று பலரும் அஞ்சினர். பேக்கர் இக்கருத்தை ஏற்கவில்லை. 1840 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குச் செய்வோரைக் கொண்டு அவர் ஒரு றைபிளைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். இரண்டே வரிகள் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. அவற்றிற் பொருந்துமாறு 3 அவுன்சு குண்டைச் சுற்றி ஒரு வளையம் வார்க்கப்பட்டது. ஒருமுறை சுடுவதற்கு இடப்பட்ட கருமருந்து முழுதாக ஓர் அவுன்சு. துவக்கின் பாரமே அதன் உதைப்பைத் தாங்கிற்று.

மருந்தை அளப்பதும் குண்டை வார்ப்பதும் வேட்டைக்காரனின் கைவேலையாகவே இருந்தன. தூய ஈயம் மென்மையானது. யானையின் மண்டையோட்டில் மோதியதும் தட்டையாகிவிடும். ஆகவே பேக்கர் ஈயத்துடன் பத்தில் ஒரு பங்கு பாதரசத்தைச் சேர்த்துக் குண்டைக் கடினமாக்கினார். ஈயம் உருகிச் செந்நிறமாகக் கொதிக்கும் பாத்திரத்திலே பாதரசத்தை ஊற்றினால் அது ஆவியாகிப் போய்விடும். அதனால் மூன்று நான்கு குண்டுகளுக்குப் போதிய ஈயத்தை மாத்திரம் அகப்பையில் எடுத்து, அதிலே பாதரசத்தைக் கலந்து, விரைந்து வார்த்தல் வேண்டும் என்று அவர் எழுதினார். அந்த ஆவி கொடிய நஞ்சு என்பதை இன்று அனைவரும் அறிவர்.

பாரத்தைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பின்னாளில் ஆபிரிக்காவிலே அரை இறாத்தல் நிறையுள்ள வெடிகுண்டை எறியும் றைபிள் ஒன்றைப் பேக்கர் கையாண்டார். 'குழந்தை' என்று அதற்குப் பெயர். அதன் உதைப்பு அவரையே சுழற்றிவிட்டமையால், அதனைச் சுடுவதற்கு அவரும் அஞ்சினார்.

1884 இல் பிரான்சு நாட்டு வியேய் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்த பின்னர் நிலைமை மாறிற்று. தோட்டா ஆலையிற் செய்யப்படும் பொருளாயிற்று. ஆயினும் கையளவை அறிந்தவரின் எச்சரிக்கை வீணாகவில்லை. குளிர்நாட்டிலே அளவிட்ட மருந்து, வெப்பநாட்டு வெயிலிலே மிகுந்த அழுத்தத்தைத் தந்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு குழலிற் சிக்கிக்கொண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. வெப்பநாடுகளுக்கென மருந்தைக் குறைத்து இடும் வழக்கம் அதனாலேயே எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆபிரிக்காவில் வேட்டையாடிய ஸ்கொட்லாந்தியரான பெல், பேக்கருக்கு நேர்மாறான விடையைக் கண்டார். அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு அவர் பயன்படுத்தியது 7 மில்லிமீற்றர் குழலையுடைய சிறு றைபிளே. அதன் குண்டின் நிறை ஏறக்குறைய 11 கிராம். பேக்கரின் குண்டிலே ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை எத்திசையிலிருந்தும் அறியப் பழகினார். ஆலையிலே செய்த தோட்டா தவறாது வெடித்தல் வேண்டும் என்பதே அவர் துவக்கிடம் எதிர்பார்த்தது. பாரமான குண்டு செய்த வேலையை உடற்கூற்று அறிவு செய்தது.

ஆனால், துவக்கு திருந்தத் திருந்த யானைக்கு நேர்ந்தது யாது? 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ், அதற்குமுன் 1,400 யானைகளைக் கொன்றிருந்தார் என்று குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமேசன் தெனன்ற் எழுதுகின்றார். பயிரழிவைத் தடுக்கவென அரசாங்கமும் யானைக்குப் பரிசுப்பணம் வழங்கிற்று. 1848 க்கு முன் மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியிலே மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்திலே 2,000 யானைகளுக்கும் பணம் கோரப்பட்டது என்பதும் அவர் தரும் கணக்கே. பரிசு பெற்றோர் ஆங்கிலப் பிரபுக்கள் அல்லர், உள்ளூர் மக்களே. அவர்களுக்குப் பேக்கரின் றைபிள் கிடைக்கவில்லை. பணத்தின் தூண்டுதலே போதியதாயிற்று.

1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும், 1938 இல் யால, வில்பத்து ஆகியவை தேசிய வனங்களாக்கப்பட்டமையும் இப்போக்கைத் திருப்பிய செயல்கள். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் இருந்த யானைகள் 5,879. தெனன்ற் குறித்த இரு பரிசுக் கணக்குகளின் கூட்டுத்தொகை 5,500 என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

கையால் மருந்து கூட்டும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. காட்டுப்பன்றிக்கென உணவினுள்ளே மறைத்து வைக்கப்படும், ஹக்க பட்டாஸ் எனப்படும் வெடி, அதனைக் கடிக்கும் யானைக் கன்றுகளின் வாயைச் சிதைக்கின்றது. காயமடைந்த கன்று உண்ண இயலாது பல நாள் பட்டினி கிடந்து இறக்கின்றது. பேக்கரும் பெல்லும் கொன்றவை பல. எனினும், தாம் எந்த விலங்கைச் சுடுகின்றோம் என்பதை அவர்கள் கண்ணாற் கண்டே சுட்டனர். புதைத்த வெடிக்கு அந்த வேறுபாடு தெரியாது. துவக்கையும் மருந்தையும் தெரிந்தெடுப்பதற்கு முன்னர், எவ்வுயிரை, எதன்பொருட்டுக் கொல்வது என்னும் வினாவுக்கு விடை காணல் வேண்டும். அவ்வினாவை இந்நாடு கேட்கத் தொடங்கியது ஆயிரக்கணக்கான யானைகள் மடிந்த பின்னரேயாகும்.