மின்பொறியியற் கல்வியிற் கணினி மாதிரிகள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது முதுமொழி. மின்பொறியியலிலோ ஏட்டிற் கணித்த பின்னரே நாட்டில் எதனையும் நிறுவுதல் மரபு. றொசல்லையைச் சூழ்ந்த மலைநாடே இதற்குச் சான்று. மஸ்கெலிய, கெசல்கமு ஓயாக்களின் நீர்வலுவை மின்வலுவாக்கலாம் என்பதை 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் கணக்கிட்டுக் காட்டினார் டி. ஜே. விமலசுரேந்திர. அக்கணக்கு லக்சபான மின்னிலையமாய் உருப்பெற்றது 1950இலேயாம்.

மின்னிலையங்கள் பல ஒன்றோடொன்று இணைந்தபோது கைக்கணக்கு போதாதாயிற்று. மெய்யான மின்வழியிற் பழுதை உண்டாக்கிச் சோதித்தால் நகரங்கள் இருளில் மூழ்கும். ஆதலின், 1929இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், ஒரு நாட்டின் மின்வலையைத் தடைகளாலும் சுருள்களாலும் ஓர் அறைக்குள் அமைத்துக் காட்டும் பொறி நிறுவப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில், பேராசிரியர் ரைடவுட் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்திற்கு ஒப்புமைக் கணினியைக் கொணர்ந்தார். சமன்பாட்டின் கணியங்களை மின்னழுத்தங்களாகவே காட்டும் அப்பொறியிற் பயின்றவருள் ஒருவர், ஈரோட்டிற் பிறந்த வை. இராசாராமன், பின்னாளில் இந்தியக் கணினிக் கல்விக்கு அடித்தளமிட்ட பேராசிரியர்.

இலக்கமுறைக் கணினி இம்முயற்சியை எளிதாக்கிற்று. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் றோரர் என்னும் ஆசிரியர் மின்சுற்றுகளைக் கணிக்கும் நிரலொன்றை எழுதுமாறு தம் வகுப்பு மாணவரைப் பணித்தார். அவ்வகுப்புப் பயிற்சியே வளர்ந்து, பேராசிரியர் பெடர்சனின் வழிகாட்டலில் நேகல் ஆக்கிய 'ஸ்பைஸ்' என 1973இல் வெளிப்போந்தது. கற்பதற்கென எழுந்த அது எவரும் பெறுமாறு பரப்பப்பட்டமையே அதன் பெருஞ்சிறப்பு. இன்று அதன் வழிவந்த நிரல்கள் எளிய கணினியிலும் இயங்குகின்றன.

தம் வாயிலருகே ஓடும் ஆறுகள் கொழும்புக்கு ஒளியூட்டிய காலத்தும், தோட்டத்து லயன்கள் பல நெடுநாள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. அங்கிருந்து கற்க வரும் மாணவன், விலைமிக்க ஆய்வுகூடம் இன்றியும் சுற்றை அமைக்கலாம். பிழைபடின் எதுவும் எரியாது, உயிருக்கும் ஊறில்லை. அவனுக்கு இது சலுகையன்று. பிந்திக் கிடைத்த சமவாய்ப்பு.

எனினும், மாதிரி தனக்குச் சொல்லப்பட்டதையே திருப்பிச் சொல்லும். மலைப்பனியின் ஈரமும் தளர்ந்த இணைப்பும் அதனிற் புகுத்தப்படாவிடின் விடையிலும் தோன்றா. ஆதலின் கையாற் கணித்து, கணினியில் இயக்கி, இறுதியில் மெய்ச்சுற்றில் அளந்து பார்த்தலே முறை. மூன்று விடைகளும் வேறுபடுமிடத்து அதன் காரணத்தை ஆராய்பவனே பொறியியலாளன் ஆகின்றான்.