நாகதாளியைத் தின்ற பூச்சி

பயிருக்குக் கேடு செய்யும் பூச்சியை அல்லது களையை அதன் இயற்கை எதிரியைக் கொண்டே அடக்கும் முறைக்கு உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர். இதன் வரலாறு பெரும்பாலும் 1888-89இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் விடப்பட்ட ஆஸ்திரேலியப் பொறிவண்டிலிருந்து எழுதப்படுகிறது. களைகளைப் பொறுத்தவரை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தென்னிந்தியாவில் இந்த வேலை நடந்துவிட்டது. அதன் வேர் சென்னையில், வேளாண்மையோடு சம்பந்தமே இல்லாத ஒரு வியாபார ஆசையில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையில் மிக விலையுயர்ந்த சிவப்புச் சாயம் கொச்சினீல். மெக்சிகோவில் ஒருவகைக் கள்ளியில் வளரும் செதில்பூச்சியைக் காயவைத்து இடித்தால் இந்தச் சாயம் கிடைக்கும். அந்த வியாபாரம் முழுவதும் ஸ்பெயினின் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786இல் சென்னைக் கடற்கரையில் உப்புமண்ணில் முளைத்த புல்லில் சிவப்புச் சாறுள்ள செதில்பூச்சிகளைக் கண்டு, லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு உற்சாகத்தோடு கடிதங்கள் எழுதினார். அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆனாலும் கடிதங்களின் பயனாகக் கியூ தோட்டத்திலிருந்து கள்ளிச்செடிகள் வந்து சேர்ந்தன. சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே உருவாகி, ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரியின் பொறுப்பில் விடப்பட்டது. செடி தயார், பூச்சிதான் இல்லை.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சி ஒட்டிய கள்ளித் துண்டுகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மெக்சிகோவின் சாயப்பூச்சி என்று நம்பியே அது வளர்க்கப்பட்டது. உண்மையில் அது டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்று இன்று அழைக்கப்படும் வேறொரு இனம். சாயம் மட்டமாகவே கிடைத்தது. அது விரும்பித் தின்றதும் அருமையாக வளர்த்த கள்ளியை அல்ல, வேலிகளில் தானாக மண்டிக்கிடந்த ஒப்புன்ஷியா மோனகாந்தா என்ற சப்பாத்திக்கள்ளியை. பூச்சி பரவிய இடங்களில் எல்லாம் அந்தக் கள்ளி வாடிச் சரிந்தது. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் வேலிக்கள்ளி காணாமல் போனதைக் கண்டவர்கள் 1836-38இல் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள், இம்முறை கள்ளியை ஒழிப்பதற்காகவே. ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியைத் தெரிந்தே இடம்பெயர்த்த முதல் முயற்சி இதுதான் என்று இத்துறை நூல்கள் குறிக்கின்றன. 1865ஐ ஒட்டி அது இலங்கைக்கும் போனது. 1913-14இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றது.

பூச்சி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இந்த வெற்றியின் காரணம் புரியும். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. கள்ளிமடலில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் ஆயுள் முழுக்க அதே இடம்தான். மேலே பஞ்சுபோல மெழுகுநூலைச் சுரந்து போர்த்திக்கொள்ளும். அந்த வெள்ளைப் பஞ்சை விரலால் நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாறு வழியும். பொரித்த குஞ்சுகள் மயிரிழை போன்ற மெழுகுநூல்களோடு காற்றில் மிதந்து அடுத்த செடிக்குப் போய்ச்சேரும். சாறு வற்றிய மடல் மஞ்சளாகி, சுருங்கி, கணுவில் கழன்று விழும். மண்வெட்டியால் வெட்டினால் விழுந்த ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுப் புதுச்செடியாகும். பூச்சி உறிஞ்சிய மடலுக்கு வேர்விடச் சத்து இருப்பதில்லை. ஆள்விட்டு வெட்டி எரித்தும் தீராத களை இந்தப் பூச்சியிடம் தோற்றது இதனால்தான்.

ஆனால் அதே பூச்சி நாகதாளியைத் தொடவில்லை. மஞ்சள் முள்ளும் மஞ்சள் பூவும் செந்நீலப் பழமும் கொண்ட இந்தக் கள்ளி ஒப்புன்ஷியா டில்லெனி என்ற வேறு இனம். உப்புக்காற்றும் மணலும் அதற்கு உவப்பானவை. வட சென்னையின் எண்ணூர், நெட்டுக்குப்பம் கரை போன்ற கடலோர மணல்மேடுகளில் எளிதில் வேர்பிடிக்கக்கூடிய செடி அது. உள்நாட்டில் மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, ஊர்ப்புறம்போக்கு என எங்கும் புதர்புதராகப் பரவி, பாம்புக்கும் எலிக்கும் புகலிடமானது. பழத்தை மக்கள் தின்றார்கள், பஞ்ச காலத்தில் மடலின் முள்ளைச் சுட்டு நீக்கி மாட்டுக்கும் போட்டார்கள். இருந்தும் கைப்பற்றிக்கொண்ட நிலத்தை அது விடவில்லை.

இதற்கு விடை வந்தது 1926இல். டாக்டிலோபியஸ் ஒப்புன்ஷியே என்ற மற்றொரு செதில்பூச்சி இலங்கையிலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வெறும் கண்ணுக்குப் பழைய பூச்சிக்கும் புதியதற்கும் வேறுபாடு தெரியாது. அதே வெண்பஞ்சு, அதே சிவப்புச் சாறு. இது மட்டும் நாகதாளியை விரும்பித் தின்றது. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில் நாகதாளி அடங்கியது. மாகாணத்தின் பூச்சியியல் வல்லுநரான டி. வி. ராமகிருஷ்ண அய்யர் இந்தப் பூச்சிகளைப் பற்றி 1931இல் கட்டுரை எழுதினார். ஒரு நூற்றாண்டு தள்ளிப்போன இந்த வெற்றிக்கு வேண்டியிருந்தது பணமோ ஆள்பலமோ அல்ல. எந்தப் பூச்சி எந்தச் செடியைத் தின்னும் என்ற துல்லியமான அறிவு.

அந்த அறிவைத் திரட்டும் ஏற்பாடுகள் அதற்குள் உருவாகத் தொடங்கியிருந்தன. துறைமுகங்கள் வழியே வரும் செடிகளோடு பூச்சிகள் நுழைவதைத் தடுக்க 1914இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 1919இல் சென்னை மாகாணம் தனக்கென்று பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றியது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். 1928இல் நீலகிரியின் சீகை மரங்களில் ஐசீரியா என்ற ஆஸ்திரேலியச் செதில்பூச்சி தென்பட்டபோது, கலிபோர்னியாவில் பேர்பெற்ற அதே ரொடோலியா பொறிவண்டை வரவழைத்து அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் மலையில் விட்டார்கள். பூச்சி இன்னதென்று தெரிந்ததால் எதிரியைத் தேடவேண்டிய வேலையே இல்லை.

தென்னையில் கருந்தலைப்புழுவுக்கு எதிரி உள்ளூரிலேயே இருந்தது. கோனியோசஸ் என்ற சின்னஞ்சிறு கருங்குளவி, ஓலைக்கடியில் நூலாம்படைக்குள் ஒளிந்திருக்கும் புழுவைத் தேடிப்பிடித்துக் கொட்டி முடக்கும். பிறகு புழுவின் உடல்மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை விலகாமல் காவல் இருக்கும். தனித்து வாழும் குளவிகளில் இப்படிக் குஞ்சு காப்பது அரிது. இந்த ஒட்டுண்ணிக் குளவிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துத் தோப்புகளில் விடுவது நெடுங்கால வழக்கம்.

கரும்பில் இடைக்கணுப்புழுவுக்கு எதிரி டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணி. அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளைக் காகித அட்டையில் ஒட்டி, அவற்றுக்குள் இந்த ஒட்டுண்ணியை முட்டையிடச் செய்வார்கள். ஒரு சிசி அளவில் சுமார் 18,000 முதல் 20,000 முட்டைகள் இருக்கும். ஒட்டுண்ணி குடியேறிய முட்டை கறுக்கும். அட்டை கறுத்தால் வயலுக்குப் போகத் தயார். நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோகையின் அடிப்பக்கம் துண்டுதுண்டாகக் கட்டுவது கரும்பு விவசாயிகளுக்குப் பழகிய வேலை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடியும் அதன் உறவுமருந்துகளும் வந்தபோது இந்தப் பொறுமையான முறைகள் ஓரங்கட்டப்பட்டன. மருந்து புழுவோடு குளவியையும் கொன்றது. எதிரி அழிந்த வயலில் பூச்சி முன்னிலும் வேகமாகப் பெருகியது. அந்தக் காலத்திலும் இந்திய ஆய்வாளர்களின் கவனம் வேம்பிலிருந்து விலகிவிடவில்லை. வெட்டுக்கிளிக் கூட்டம் வேப்பிலையை விட்டுவிட்டுப் போவது ஊரறிந்த செய்தி. 1962இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாததைச் சோதனையில் காட்டினார்கள். தமிழ்நாட்டு வயல்களில் இன்று புழங்கும் அளவு எளிமையானது: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். வெயிலில் அதன் சத்து சிதையும் என்பதால் சாயங்காலம்தான் தெளிப்பார்கள். வேம்பின் பூஞ்சைக்கொல்லிப் பயனுக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000இல் ரத்தாகி, மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. ஊர்மக்களின் அறிவுக்கு அது நியாயமான தீர்ப்பு.

எல்லா முயற்சியும் நாகதாளி போல முடிந்துவிடவில்லை. ஆகாயத்தாமரையைத் தின்னும் நியோகெட்டினா கூன்வண்டுகள் 1982இல் பெங்களூருக்கு வந்தன. தேங்கிய ஏரிகளில் சில ஆண்டுகளில் நல்ல பலன் தந்தன. வட சென்னையில் நிலைமை வேறு. கொசஸ்தலை ஆற்றில் மழைவெள்ளம் வரும்போது மேலே வளர்ந்த ஆகாயத்தாமரை மொத்தமாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு அடித்துவரப்படுகிறது. நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் மீனவர்களின் வலையிலும் படகிலும் சிக்கி, உப்புநீரில் அழுகுகிறது. வண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருகச் செடி ஓரிடத்தில் நிற்க வேண்டும். வெள்ளம் செடியையும் வண்டையும் சேர்த்தே கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. கழிவுநீரில் கிடைக்கும் உரம் செடியை வண்டு தின்னும் வேகத்தைவிட விரைவாக வளர்க்கிறது. சாக்கடை ஆற்றில் கலப்பதை நிறுத்தாமல் வண்டின்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது.

2008 ஜூலையில் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த இப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தாவியது. மாவுப்போர்வை மருந்தைத் தடுத்ததால் விவசாயிகள் திரும்பத்திரும்ப அடித்தும் பயனில்லை. 2010இல் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகள் தேசியப் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிகளை வரவழைத்தது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குளவி, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கூடாக்கி, வட்டத் துளையிட்டு வெளியேறும். சில மாதங்களில் தோட்டங்கள் தெளிந்தன.

மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. 1970களில் அது அங்கே மரவள்ளியை அழித்தபோது, ஆய்வாளர்கள் தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடிப்பிடித்தது ஒத்த உருவமுள்ள வேறு இனத்தை; அதன் ஒட்டுண்ணிகள் உதவவில்லை. 1981இல் பராகுவேயில் உண்மையான இனமும் அதன் எதிரியான அனகைரஸ் லோபெசி குளவியும் கிடைத்தன. அந்தக் குளவி ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களின் உணவைக் காத்தது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் இதே மாவுப்பூச்சி தென்பட்டு, சேலம், நாமக்கல் மரவள்ளி வயல்களுக்குப் பரவியது. பூச்சியின் பெயரும் எதிரியின் பெயரும் தெரிந்திருந்ததால், 2021இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவி வந்தது. தனிக்காப்பில் சோதித்து, வேறு எதற்கும் தீங்கில்லை என்று உறுதிசெய்தபின், 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. அங்கிருந்து மரவள்ளி விளையும் மற்ற மாவட்டங்களின் விவசாயிகளுக்கும் வழங்கப்பட்டது.